அல்கார்வில் எங்கே சாப்பிடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறைக்கு முன்பதிவு செய்கிற நேரம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போர்ச்சுகல் பற்றித்தான், அதிலும் தெற்கே அல்கார்வ் கடற்கரை. ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு வேண்டுகோள்: எந்த ஊர், எந்த மாதம், எத்தனை பேர், பில்லில் என்ன எழுதியிருந்தது என்று எதுவும் சொல்லாமல் "இது நியாயமா?" என்று மட்டும் எழுதினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது?

கே: ஆகஸ்டில் அல்புஃபெய்ராவில் ஒரு வாரம். நாங்கள் இருவர், 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். காலை உணவு மட்டும் உள்ள அறையைவிட ஆல் இன்க்ளூசிவ் (எல்லா வேளைச் சாப்பாடும் குடிபானமும் அடங்கிய அறை) எடுத்தால் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 130 யூரோ கூடுதல். எடுக்கலாமா?

வேண்டாம். விவரத்தோடு கேட்டிருக்கிறீர்கள், அதனால் கணக்கும் போட்டுவிடலாம். மதியம் ஊருக்குள் இருக்கிற சாதாரணக் கடையில் 'ப்ராட்டு டு தியா', அதாவது அன்றைய சாப்பாடு, ஆளுக்கு 10, 12 யூரோ. பல கடைகளில் சூப், குடிக்க ஏதாவது, கடைசியில் ஒரு காபி எல்லாம் அதிலேயே அடக்கம். பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு 'மெயா டோஸ்', அரை அளவு, வாங்கினால் போதும், அதுவே மிஞ்சும். ஆக மதியம் 35. இரவு கரி அடுப்புக் கோழி, சாலட், சோறு, பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்று வைத்தால் 50. நடுவில் ஐஸ்கிரீம், காபி, கேக் 15. மொத்தம் 100, தாராளமாகப் போட்டதே அவ்வளவுதான். வாரத்துக்கு 200 யூரோ கையில் நிற்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. காலை 11 மணிக்கே நீச்சல்குளத்துப் பக்கத்தில் முதல் பீரைத் திறந்து ராத்திரி வரைக்கும் நிறுத்தாதவர்கள், மணிக்கொரு தரம் ஜூஸ் கேட்கிற பிள்ளைகள் உள்ளவர்கள், இவர்களுக்குக் கணக்கு மாறும். கைக்குழந்தையோடு போகிறவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். மற்ற எல்லோரும் காலை உணவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹோட்டல்காரர்கள் நன்றாகச் செய்வதும் அதைத்தான்.

கே: உட்கார்ந்ததும் கேட்காமலேயே பிரெட், ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு பில்லில் 14 யூரோ போட்டார்கள். இது மோசடிதானே?

சாப்பிட்டீர்களா இல்லையா? அதை எழுதவே இல்லையே! அதற்குப் பெயர் 'கூவேர்'. அந்த நாட்டு வழக்கம், மோசடி இல்லை. நீங்கள் கேட்காமல் வந்ததை, தொடாமல் வைத்திருந்தால், காசு வாங்கக் கூடாது என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வேண்டாம் என்றால் உடனே "நாவ், ஓப்ரிகாடு" என்று சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுங்கள், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பிரெட்டை மட்டும் வைத்துக்கொண்டு சீஸைத் திருப்பலாம், அதுவும் சரிதான், விலை கூடுவது எப்போதும் சீஸாலும் ஹாமாலும்தான். தொடாததற்கும் காசு கேட்டு அடம்பிடித்தால் 'லிவ்ரு த ரெக்லமாசோய்ஷ்', புகார்ப் புத்தகம், கேளுங்கள். அது ஒவ்வொரு கடையிலும் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அந்தப் பெயரைச் சொன்னதுமே பில் திருந்திவிடும்.

கே: டிசம்பரில் போகிறோம். மத்தி மீன் சுட்டது எங்கே நன்றாக இருக்கும்?

எங்கேயும் இல்லை. மத்தி ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை. டிசம்பரில் சுட்டுக் கொடுத்தால் அது உறைபெட்டி மீன். டிசம்பருக்கு தவிரா பக்கம் சான்ட்டா லூசியா போய் ஆக்டோபஸ் சாப்பிடுங்கள், அந்த ஊரே அதற்குத்தான் பேர்போனது.

கே: கடந்த ஜூலையில் ஒரு வாரம் அல்கார்வ் ரிசார்ட்டில் தங்கினோம். சாப்பாடு சப்பென்று இருந்தது. ஒரு நாள் "போர்ச்சுகல் இரவு" என்று வைத்தார்கள், கருவாட்டு மீன் பஞ்சு மாதிரி, உப்பு வேறு. போர்த்துகீசியர்களுக்குக் காரம் என்றால் என்னவென்றே தெரியாது போல. இதைப் போய் ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?

இந்தக் கடிதம் வருஷா வருஷம் ஆள் மாறி வருகிறது, படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏழு நாளும் கையில் ஆல் இன்க்ளூசிவ் பட்டை கட்டிக்கொண்டு ஒரே கூடத்தில் சாப்பிட்டுவிட்டு ஒரு நாட்டின் சமையலையே தள்ளுபடி செய்துவிட்டீர்கள். நீங்கள் சாப்பிட்டது போர்ச்சுகல் சாப்பாடே இல்லை. பல நாட்டு விருந்தாளிகளில் ஒருவரும் குறை சொல்லக் கூடாது என்று பூண்டையும் காரத்தையும் குறைத்து, சில நூறு பேருக்கு மொத்தமாகச் சமைத்து, அடியில் வெந்நீர் வைத்த தட்டில் இரண்டு மணி நேரம் காத்திருந்த சாப்பாடு அது.

ஏன் பஞ்சு மாதிரி இருந்தது என்று சொல்கிறேன். பக்கல்யாவ் என்கிற அந்த மீன் உப்பிட்டு உலர்த்திய காட் (cod) என்கிற கடல்மீன், பெரும்பாலும் நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வருவது. ஒரு நாள், தடித்த துண்டென்றால் இரண்டு நாள், குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் உப்பு நிற்கும். 'ஆ ப்ராஷ்' என்று ஒரு வகை இருக்கிறது, மீனை நாராக உதிர்த்து, வெங்காயத்தோடு வதக்கி, தீக்குச்சி போல நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கைப் போட்டுப் புரட்டி, கடைசியில் முட்டையை ஊற்றி அது முழுக்க வேகுமுன் அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார்கள். முட்டை இழைந்து பளபளவென்று இருக்கும்போதே தட்டுக்கு வந்துவிட வேண்டும், மேலே கொஞ்சம் பார்ஸ்லி, நாலு கறுப்பு ஆலிவ். அதைக் கொண்டுபோய் பஃபே தட்டில் கொட்டினால் பத்து நிமிஷத்தில் முட்டை இறுகும், உருளைக்கிழங்கு நமத்துப்போகும், மீன் நீங்கள் சொன்ன பஞ்சாகத்தான் ஆகும். அந்த நாட்டுச் சமையலில் நல்லதெல்லாம் அப்படித்தான், அடுப்பிலிருந்து நேரே உங்கள் முன்னால் வர வேண்டியவை. பூண்டும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் போட்டு மட்டியைச் செய்வார்களே, ஓடு திறந்ததும் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் ரப்பர். கட்டப்ளானா என்று அல்கார்வுக்கே உரிய பாத்திரம், செம்பில் செய்தது, சிப்பி மாதிரி இரண்டு மூடியும் கவ்விக்கொள்ளும். மேஜைக்கு வந்த பிறகுதான் கொக்கியை விடுவித்துத் திறப்பார்கள். அந்த ஆவியில் வருகிற தக்காளி, கொத்தமல்லி, கடல் வாசனைக்காகத்தான் அந்த மூடியே. இதையெல்லாம் முந்நூறு பேருக்கு வரிசையில் பரிமாறவே முடியாது, சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

காரம் பற்றி ஒரு வார்த்தை. நம் குழம்பில் கொதிக்கிற மிளகாயை 16ஆம் நூற்றாண்டில் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களே போர்த்துகீசியர்கள். அவர்களுக்குக் காரம் தெரியாது என்று நாம் சொல்லலாமா? அல்புஃபெய்ராவிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் கியா என்ற ஊர். சின்னக் கோழியை நடுவே பிளந்து விரித்துக் கரியில் சுட்டு, மிளகாய் எண்ணெய் தடவித் தருகிறார்கள், அதற்காகவே ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். காரம் போதாவிட்டால் பிரி-பிரி எண்ணெய் தனியாகக் கேளுங்கள், கண்ணில் நீர் வரும்.

அடுத்த முறை போனால் ஒரே ஒரு மதியமாவது கடற்கரையிலிருந்து நாலு தெரு உள்ளே நடங்கள். ஜன்னலில் கையால் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும், மேஜையில் காகித விரிப்பு, டி.வி.யில் செய்தி, பெயின்ட் படிந்த உடையோடு வேலையாட்கள் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே உட்காருங்கள். வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற கடை, பத்து மொழியில் படம் போட்ட மெனு வைத்திருக்கிற கடை, இவற்றுக்குள் கால் வைக்காதீர்கள். இதை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது.

கே: இரண்டு பேர் ஒரு மீன் சாப்பிட்டோம், மீனுக்கு மட்டும் 84 யூரோ! மெனுவில் 56 என்றுதான் இருந்தது.

56க்குப் பக்கத்தில் 'கிலோ' என்று எழுதியிருந்திருக்கும், நீங்கள் படிக்கவில்லை. ஒன்றரைக் கிலோ மீன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கு எண்ணூறு கிராம் தாராளம். மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டும்போது எடை போடச் சொல்லுங்கள், மொத்த விலையைக் கேளுங்கள், அப்புறம்தான் தலையாட்டுங்கள். ருபாலு, டொராடா என்கிற இரண்டு மீனிலும் கடலில் பிடித்ததும் உண்டு, வளர்ப்பு மீனும் உண்டு. விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு வித்தியாசம். எது என்றும் கேளுங்கள். பெரும்பாலான படகுகள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாது, அதனால் திங்களன்று கோழி சாப்பிடுங்கள்.

கே: அம்மா சுத்த சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். அவரை அழைத்துக்கொண்டு போனால் பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் வேண்டும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் எலும்பு போட்டுக் கொதித்த நீராக இருக்கலாம், 'கால்டு வேர்ட்' என்கிற கீரை சூப்பில் ஷொரிசு என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும், அவரைக்கொட்டை வகைகளும் அப்படியே. "ஸெய்ம் கார்ன், ஸெய்ம் பெய்ஷ், ஸெய்ம் ஷொரிசு", இறைச்சி, மீன், தொத்திறைச்சி வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பொதுவாக "சைவம்" என்று சொன்னால் டூனா போட்ட சாலட் வந்து நிற்கும்.

அம்மாவுக்குப் பிடிக்கக்கூடியவை: 'பெய்ஷீஞ்யுஷ் த ஓர்ட்டா', பச்சை பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்தது, அப்படியே நம் பஜ்ஜி. தக்காளிச் சோறு. அலென்டேஜு பக்கத்து அசோர்டா, பூண்டும் கொத்தமல்லியும் இடித்துப்போட்டு வெந்நீர் ஊற்றி, பழைய பிரெட்டும் முட்டையும் சேர்த்தது, மீன் வேகவைத்த நீரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அசெய்த்தாவ், செர்ரா த எஷ்ட்ரெலா சீஸ்களை கன்று, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட் என்ற உறைபொருள் இல்லாமல் ஒரு முட்செடியின் பூவைக் கொண்டு உறையவைக்கிறார்கள், அதனால் தயங்காமல் சாப்பிடலாம். இனிப்பில் 'டோசினு டு சேயு' வேண்டாம், பன்றிக் கொழுப்பு சேரும். 2017இல் வந்த சைவச் சாப்பாட்டுச் சட்டம் பள்ளி, மருத்துவமனை போன்ற பொது உணவுக்கூடங்களுக்குத்தான், கடைகளுக்கு இல்லை. வயதானவர், தினமும் விளக்கிச் சொல்ல முடியாது என்றால், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், இரவு உணவும் சேர்ந்த அறையை எடுங்கள். மதியம் வெளியே, இரவு பஃபே.

கே: பிள்ளைகளுக்குச் சோறு இல்லாமல் ஆகாது. குக்கர் கொண்டுபோகட்டுமா?

வேண்டவே வேண்டாம். ஐரோப்பாவில் தலைக்கு மிக அதிகமாக அரிசி சாப்பிடுகிறவர்கள் அவர்கள்தான். உருளைக்கிழங்கு சிப்ஸும் சோறும் ஒரே தட்டில் வரும்.

கே: மாலை ஆறு மணிக்குப் போனால் எந்தக் கடையும் திறக்கவில்லை. ஏன்?

இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல். மதியம் 12.30க்குப் போய்விடுங்கள், இரண்டரைக்கு மேல் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும்.

கே: டிப்ஸ் எவ்வளவு?

கட்டாயம் இல்லை. பிடித்திருந்தால் ஐந்து சதவீதம், அல்லது சில்லறையை விட்டுவிட்டு வாருங்கள்.

கே: லிஸ்பனில் பெலெம் கடையில்தான் நாட்டா (முட்டைக் கஸ்டர்ட் டார்ட்) சாப்பிட வேண்டுமா?

1837லிருந்து சுடுகிறார்கள், வரிசை வேகமாக நகரும், ஒருமுறை போங்கள். மற்ற நாட்களில் எந்தப் பேக்கரியிலும் அன்று சுட்டதை வெதுவெதுப்பாக, லவங்கப்பட்டைப் பொடி தூவிச் சாப்பிடுங்கள்.

கே: ஒல்யாவ் பக்கம் சமையலறை உள்ள வீடு எடுத்திருக்கிறோம். மீன் எங்கே வாங்குவது?

நல்ல முடிவு. ஒல்யாவ் கடலோரத்தில் செங்கல்லில் கட்டிய இரண்டு சந்தைக் கட்டடங்கள், ஒன்றில் மீன், இன்னொன்றில் காய், பழம், இறைச்சி. சனிக்கிழமை காலை சுற்றுவட்டார விவசாயிகளும் வெளியே கடை பரப்புவார்கள்: அத்தி, பாதாம், தேன், கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி. ஒன்பது மணிக்குள் போங்கள். சுத்தம் செய்து தரச் சொன்னால் செய்து தருவார்கள், ஆனால் மத்தியை மட்டும் அப்படியே வாங்குங்கள், கல்லுப்பு தூவி முழுசாகச் சுட்டால்தான் தோல் உரிந்து வரும். சுட்ட மீனைத் தடித்த பிரெட் துண்டின்மேல் வைத்துச் சாப்பிடுங்கள், எண்ணெய் இறங்கிய அந்தப் பிரெட்டைக் கடைசியில். ஞாயிறு சந்தை கிடையாது, இரண்டு நாளைக்கும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். எடை போட்டதும் விலையைக் கேட்க மறக்காதீர்கள்.