வற்றும் குளக்கரையில் பயிர் வைக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் பழைய தோட்ட நிலத்தில் அரை ஏக்கர் குளத்தில் திலாப்பியா வளர்க்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் நீர் இறங்கி, சுற்றிலும் சேற்றுக்கரை வெளியே தெரிகிறது. எகிப்தின் நாசர் ஏரிக்கரையில் தண்ணீர் வடிய வடியப் பயிர் வைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நானும் தர்பூசணி போடலாமா? ஆடுகளையும் அங்கே மேயவிடலாமா?

பதில்: ஐயா, ஓரளவு செய்யலாம். ஆனால் அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மீனுக்கு ஆபத்து.

நைல் ஆற்றின் குறுக்கே எழுந்த அசுவான் பேரணைக்குப் பின்னால் 1964 முதல் தேங்கிய நாசர் ஏரி, சூடான் பகுதியையும் சேர்த்தால் சுமார் 500 கிலோமீட்டர் நீளம். அதை நிரப்புவது பெரும்பாலும் எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் மழை. ஏரிக்கரையில் மழையே கிடையாது என்று சொல்லலாம். வருடக் கடைசியில் உச்சத்தில் நிற்கும் நீர் ஜூலை வரை இறங்கிக்கொண்டே போகும். பயிர் பாதியில் முழுகாது என்ற உறுதியோடு அங்கே விதைக்க முடிகிறது. இது புதிய வித்தையும் அல்ல. 1902இல் எழுந்த பழைய அணையின் காலத்திலேயே, கோடையில் நீர் வடிந்து வெளிப்பட்ட நிலத்தில் அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த நூபிய மக்கள் பயிரிட்டார்கள். பேரணைக்காக அவர்களில் ஏறக்குறைய 50,000 பேரை 1963, 1964இல் எகிப்து அரசு அசுவானுக்கு வடக்கே உள்ள கொம் ஓம்போ ஊர்ப் பக்கம் குடியேற்றியது. தோட்டத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் வாழும் நம் வட்டாரத்துக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் இடத்தில் மழையைவிட மண்தான் எனக்குக் கவலை. பாலைவனக் கரையில் நீர் ஆவியாகி உப்பு மேலே ஏறும். கடலோரக் களிமண்ணிலோ பைரைட் என்ற கந்தகத் தாது இருக்கக்கூடும். நீருக்கடியில் கிடக்கும்வரை அது தொல்லை தராது. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகும். வெடித்த மண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டு, வாய்க்காலில் துருநிற நீர் இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய மண்ணைக் கொத்திக் காயவிட்டால், அடுத்த பெருமழை அமிலத்தையும் அலுமினியத்தையும் குளத்தில் இறக்கிவிடும். மீனின் செவுள் தாங்காது.

அதனால் மண்வெட்டி எடுக்கும் முன் ஓரடி ஆழத்து மண்ணைப் பிடியளவு எடுத்து, உடனே பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) பாருங்கள். அதையே மெல்லிய அடுக்காகப் பரப்பி, காற்றுப்படும்படி லேசான ஈரத்தோடு சில வாரம் வைத்திருந்து மறுபடி பாருங்கள். 4க்குக் கீழே இறங்கினால் அந்தக் கரையைத் தொடாதீர்கள். நீரை முடிந்தவரை உயர்த்தி மண்ணை மூடியே வையுங்கள்.

மண் நல்லதென்றால் மேல்கரையில் மட்டும், கொத்தாமல், கங்கோங், பாயாம் கீரைகளை விதையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அறுத்துவிடலாம். வெள்ளரிக்குச் சுமார் 40 நாள் ஆகும், ஜனவரித் தொடக்கத்தில் போட்டால் சரி. தர்பூசணி வேண்டாம். இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கும் கொடியை நம் மழை விட்டுவைக்காது. பூச்சிமருந்து, களைக்கொல்லி இரண்டும் அந்தக் கரைக்கு ஆகாது. எல்லாம் மீனிடம்தான் போய்ச் சேரும்.

ஆடுகளை விடாதீர்கள். சேற்றுப்புல்லில் குடற்புழு ஏறும், குளம்பு அழுகும். புல்லை அறுத்து, வாட்டி, கொட்டகையில் போடுங்கள்.

மழை திரும்பும் வாரத்தில் தினமும் குளத்து நீரின் பி.எச். பாருங்கள். 6க்குக் கீழே சரிந்தால் விவசாயச் சுண்ணாம்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். நீற்றுச் சுண்ணாம்பை மீன் உள்ள குளத்தில் கொட்டிவிடாதீர்கள்.