கொழும்பிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணித்தியாலம்?

சுமார் 8,700 கிலோமீட்டர். இடையில் இறங்காத நேரடி விமானமென்றால் ஏறக்குறைய 11 மணித்தியாலம். ஆனால் ஹட்டன் பக்கத்திலிருந்து முதல்முறை போகப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால், லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒருதரம் போய்வந்தவன் என்ற முறையில் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பகல் 1 மணிக்கு விமானம். ஜூன் மாத மழை. "ரோட்ட நம்ப ஏலாதுப்பா" என்று அம்மா ராத்திரி 2 மணிக்கே பொகவந்தலாவையிலிருந்து வேனைக் கிளப்பவைத்தார். அவர் சொன்னது சரியாய்ப் போயிற்று. கினிகத்தேனைக்கு இந்தப் பக்கம் மண்மேடு சரிந்து பாதையில் கிடந்தது. முன்னால் நின்ற லொறியின் பின்லைட் மட்டும் பனிமூட்டத்துக்குள் மங்கலாய்ச் சிவந்து தெரிந்தது. ஒன்றரை மணித்தியாலம் அங்கேயே. டிரைவர் அண்ணன் பிளாஸ்க்கில் இருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றி எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டார். ஹட்டன்–கொழும்பு 130 கிலோமீட்டர் சொச்சத்துக்கு நமக்கு நாலு, ஐந்து மணித்தியாலம் போகிறது. மேலே ஏறிய விமானம் அதே தூரத்தை ஒன்பது நிமிடத்தில் கடந்துவிடும்!

இறங்கியபோது லண்டனில் மாலை 7.30. போனில் சொன்னதும் அம்மா கணக்குப் போட்டார்: "ஒண்ணுல இருந்து ஏழரை... ஆறரை மணித்தியாலந்தானா?" அவர் தோட்டத்து லயன் வீட்டில் விழித்திருந்து பேசியது நடுராத்திரி 12 மணிக்கு. கோடையில் லண்டன் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரந்தான் இருக்கும், கழித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். திரும்பி வரும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் அரை மணித்தியாலம் போல மிச்சமாகும்.

விமானம் ஏன் வடக்கே வளைந்து போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சுவரில் மாட்டும் உலகப்படத்தில் அடிமட்டத்தை வைத்துக் கோடு போட்டால் நடுப்புள்ளி சவூதியின் வடபாலைவனத்தில் விழும். பள்ளிக்கூட உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நடுப்பகுதி தெஹ்ரானுக்குப் பக்கத்தில் வரும். உருண்டையில் அதுதான் குறுக்குவழி. போர், மூடிய வான்பரப்பு என்று ஏதாவது வந்தால் சுற்றிப் போவார்கள், நேரமும் கூடும்.

டோஹா வழியாகப் போனால் சிலநேரம் காசு குறையும். பறப்பதே ஐந்தும் ஏழுமாகப் பன்னிரண்டு மணித்தியாலம், நடுவில் காத்திருப்பு வேறு. முதல் பயணத்துக்கு, காசு கொஞ்சம் கூடினாலும் நேரடி விமானத்தையே எடுங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்க வேண்டும். மழைக்காலமென்றால் வேன்காரரிடம் எட்டு மணித்தியாலக் கணக்கு வைத்துப் பேசுங்கள்.