ரூகன் தீவில் இரண்டு பின்ஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூனில் ஷ்ட்ரால்சுண்டில் இரண்டு நாள் தங்குகிறோம். ஜெர்மனியின் ரூகன் தீவை அங்கிருந்து ரயிலிலேயே ஒரு நாளில் சுற்றிவிட முடியுமா? வரைபடத்தில் பின்ஸ் என்று இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது. எதில் இறங்குவது? சுண்ணாம்புப் பாறையையும் சேர்த்துக்கொள்ளலாமா? அம்மா நன்றாக நடப்பார், படிதான் ஆகாது.

எஸ். கே.

அன்புள்ள எஸ். கே.,

சுற்றலாம். ஆனால் தண்டவாளம் முழு வட்டமில்லை, ஓரிடத்தில் சுமார் இரண்டு கிலோமீட்டர் விட்டுப்போயிருக்கிறது. அந்த இடம்தான் பின்ஸ். ‘ஓஸ்ட்ஸேபாட் பின்ஸ்’ வழக்கமான பெரிய ரயிலுக்கு, ‘பின்ஸ் எல்பி’ தீவின் குறுகிய பாதையில் ஓடும் நீராவி ரயிலுக்கு. இரண்டும் ஊரின் இரு முனைகளில் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் மாறிவிடலாம் என்று திட்டம் போடுபவர்கள் இங்கேதான் வண்டியைத் தவறவிடுகிறார்கள். நடக்க அரை மணி வையுங்கள். பஸ்ஸும் உண்டு.

நீராவி ரயிலைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. மாலையில் அது சீக்கிரம் நின்றுவிடும், பெரிய ரயில் இரவிலும் ஓடும். எனவே ஷ்ட்ரால்சுண்டிலிருந்து பெர்கன் போய், அங்கே வண்டி மாறிப் புட்பஸில் இறங்குங்கள். நீராவி ரயில் அதே ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்புகிறது. புட்பஸ் பக்கம் இரண்டு மணிக்கு ஒரு வண்டி என்றே கணக்கு வையுங்கள். முதல் இணைப்பை விட்டால் அரை நாள் போய்விடும்.

நீராவி ரயிலின் பெயர் ‘ராஸெண்டர் ரோலண்ட்’, அதாவது வெறிகொண்டு பாயும் ரோலண்ட். உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்! புட்பஸ்–பின்ஸ் பகுதி 1895இலும் கடைசி ஸ்டேஷனான கேரன் வரையிலான பகுதி 1899இலும் திறந்தன. பாதையின் அகலம் 750 மில்லிமீட்டர், நம் மீட்டர் கேஜைவிடக் கால் மீட்டர் குறுகல். புட்பஸிலிருந்து லாவ்டர்பாக் துறைமுகம் போகும் கிளையில் மூன்று தண்டவாளம் கிடக்கும், சின்ன வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் ஒரு தண்டவாளம் பொது. ரயில் பைத்தியமாக இருந்தால் மட்டும் அதைப் போய்ப் பாருங்கள்.

கடல் தெரியும் என்று ஜன்னலுக்குச் சண்டை போட வேண்டாம். பாதை பெரும்பாலும் வயலுக்கும் பீச் மரக்காட்டுக்கும் நடுவே போகிறது. எஞ்சினை ஒட்டிய பெட்டியில் கரித்தூள் பறக்கும், வெள்ளைச் சட்டை வேண்டாம்.

பின்ஸைத் தாண்டியதும் வருவது யாக்ட்ஷ்லோஸ் நிறுத்தம். கிரானிட்ஸ் வேட்டை மாளிகைக்கு அங்கிருந்து மேடேறிப் போகவேண்டும். கோபுரத்தினுள் 154 படிகள், வார்ப்பிரும்பில் சல்லடை வேலை. காலுக்கடியில் பள்ளம் தெரியும். அம்மாவோடு இதை விட்டுவிட்டு நேரே கேரன் போங்கள், புட்பஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். அங்கே இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டுவார்கள். திரும்பும் வழியில் பின்ஸ் எல்பியில் இறங்கி, கடற்கரை நடைபாதையில் ஊரைக் கடந்து பெரிய ஸ்டேஷனைப் பிடியுங்கள்.

சுண்ணாம்புப் பாறையை இதோடு சேர்க்காதீர்கள். 118 மீட்டர் உயரமுள்ள ‘அரசர் நாற்காலி’ என்ற அந்தப் பாறை ஸாஸ்னிட்ஸ் ஊருக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது. ரயில் ஸாஸ்னிட்ஸோடு நின்றுவிடும், பிறகு பஸ்தான். அதற்கு மறுநாள் போங்கள். ஷ்ட்ரால்சுண்டில் ஏறும்போது பலகையைப் பாருங்கள். லீட்ஸோவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வண்டி பின்ஸுக்குப் போவதாக இருந்தால் லீட்ஸோவில் இறங்கி மாறவேண்டும்.