வலது இருக்கை

அன்புள்ள சார்,

கமர்ஷியல் பைலட் லைசென்ஸும் பயிற்றுநர் தகுதியும் வாங்கிவிட்டேன். மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கும் சாப்பாடு, அறை எல்லாம் அங்கேயே. "பறந்த மணி நேரம் சேரும்வரை இரு, அப்புறம் ஏர்லைனுக்குப் போய்விடு" என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் இந்த வேலையில் இருந்தவர். போகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

போகலாம். நண்பர்கள் சொல்வதிலும் தப்பில்லை. அமெரிக்காவில் ஏர்லைனில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பலரும் அதைப் பாடம் நடத்தித்தான் சேர்க்கிறார்கள். நானும் அந்தக் கணக்கோடுதான் சேர்ந்தேன்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். எல்லாம் நன்றாகச் செய்வான், லேண்டிங் மட்டும் வராது. ஓடுபாதைக்கு மேல் 20 அடி இருக்கும்போது பார்வையை அதன் கோடிக்குக் கொண்டுபோய், கன்ட்ரோலை இழுத்து விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். இவன் சில சமயம் முன்னாலேயே இழுத்துவிடுவான். விமானம் மிதந்து, வேகம் செத்து, தொப்பென்று விழப் பார்க்கும். சில சமயம் இழுக்கவே மாட்டான். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" (இனி நான் ஓட்டுகிறேன்) என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. என்ன பிரச்சினை என்று கேட்டால் "ஒண்ணுமில்ல சார்."

ஒரு நாள் ராத்திரி மெஸ்ஸில் தட்டைக் கழுவிக்கொண்டே தானாகச் சொன்னான்: "உங்க கை தொடையிலேருந்து எழும்பினா, இழுக்கணும்னு புரிஞ்சுக்குவேன் சார்."

அவன் ஓடுபாதையைப் பார்க்கவே இல்லை, என் கையைப் பார்த்திருக்கிறான். என் கை எழும்பியதோ பயத்தில், ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உயரத்தில்! மறுநாளிலிருந்து, இறங்கத் தொடங்கும்போதே கையைக் கன்ட்ரோலுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் வைத்து, விமானம் நிற்கும்வரை அசைக்காமல் இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அவனுக்கு உடனே சரியாகிவிடவில்லை. ஆனால் தப்பு அவனுடைய தப்பாக இருந்தது, திருத்த முடிந்தது.

அந்தப் பேச்சு விமானத்துக்குள் வந்திருக்காது. சேர்ந்து தங்குவதில் கிடைக்கும் லாபம் இதுதான்.

நஷ்டமும் உண்டு. இன்னும் தயாராகவில்லை என்று காலையில் நீங்கள் சோலோவை, அதாவது தனியாகப் பறப்பதை, நிறுத்திவைத்த மாணவர், மதியம் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்கு மேகம் எப்படி சார்?" என்று கதவு தட்டப்படும். அமெரிக்க விதிப்படி ஒரு பயிற்றுநர் 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பறந்து பயிற்சி தரக்கூடாது. கதவு தட்டப்படுவது அந்தக் கணக்கில் வராது. தூக்கம் கெட்டு, பயிற்றுநருக்கான வலது இருக்கையில் உட்கார்ந்தால், கையை எப்போது நீட்டுவது என்பதுதான் முதலில் குழம்பும்.

சம்பளம் பேசும்போதே உங்கள் அறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்கள் இருக்கும் அதே வராந்தா என்றால், வேறு கட்டடம் கிடைக்குமா என்று பாருங்கள். சாப்பாடு மட்டும் அவர்களோடு இருக்கட்டும்.