வேலை தரும் மன அழுத்தம்: நேர்மறைச் சிந்தனை எங்கே உதவும்? (கேள்வி பதில்)

ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இருபது ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அம்மா, தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ‘நான் திறமைசாலி, எல்லாம் நன்றாக நடக்கும்’ என்று பத்து முறை சொல்கிறேன். அலுவலகம் போனதும் முன்னைவிடச் சோர்ந்துபோகிறேன். ஏன்? (காப்பீட்டு நிறுவன ஊழியர், சேலம்)

நம்ப முடியாததைச் சொல்லச் சொல்ல, உள்மனம் ‘இல்லை, இல்லை’ என்று மறுத்துக்கொண்டே இருக்கும். கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் கண்டார்கள். தன்மதிப்பு குறைந்தவர்கள் தங்களைப் பற்றி உயர்வான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை இன்னும் தாழ்ந்தது. ஆகவே சிறியதாக இருந்தாலும் உண்மையானதைச் சொல்லுங்கள்: ‘நேற்று வந்த பன்னிரண்டு விண்ணப்பங்களில் ஒன்பதை முடித்தேன்.’ இதை மனத்தால் மறுக்க முடியாது.

ஒரு நாள் கணக்கில் 500 ரூபாய் குறைந்தது. அன்றே கைக்காசைக் கட்டிவிட்டேன். ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. வேலையே போய்விடும் என்று பயமாக இருக்கிறது. (கூட்டுறவு வங்கிக் காசாளர்)

தம்பி, பணம் அன்றே நேராகிவிட்டது. மனம்தான் இன்னும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது. நடந்த நிகழ்ச்சியைவிட, அதைப் பற்றித் தானாக ஓடும் எண்ணம்தான் மனிதரை வாட்டுகிறது என்று 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் எடுத்துக்காட்டினார். அந்த எண்ணத்தை விரட்ட வேண்டாம். சாட்சி கேளுங்கள்.

என்னிடம் வந்த நூற்பாலை மேற்பார்வையாளர் ஒருவரிடம் சிறிய நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். இடப்பக்கம் ‘மனம் சொல்வது’, வலப்பக்கம் ‘அதற்கு எதிரான சாட்சி’. முதல் வாரம் இடப்பக்கங்கள் நிரம்பி வழிந்தன. ‘எல்லோரும் என்னை வெறுக்கிறார்கள்’ என்று மட்டும் நான்கு முறை எழுதியிருந்தார். வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரி, பென்சிலில்: ‘ஷிப்ட் முடிந்ததும் மேலாளர் டீ குடிக்கக் கூப்பிட்டார்.’ அதைப் படித்துக் காட்டும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. நேர்மறைச் சிந்தனை என்று நான் சொல்வது அந்த வலப்பக்கத்தைத்தான். இருப்பதைத் தேடி எழுதுகிறோம், இல்லாததைக் கற்பனை செய்வதில்லை.

நீங்களும் மாலையில் எழுதுங்கள், நள்ளிரவில் வேண்டாம். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் ‘அது நோட்டில் இருக்கிறது, நாளை மாலை பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுங்கள்.

துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறேன். கால் வீங்கிவிடுகிறது. கேட்டால் ‘சிரித்த முகத்தோடு இரு, வலி தெரியாது’ என்கிறார் மேற்பார்வையாளர். சிரித்தால் சரியாகுமா அம்மா? (விற்பனைப் பெண், திருச்சி)

ஆகாது, கண்ணு. வீங்கிய காலுக்கு நாற்காலிதான் மருந்து. நல்ல எண்ணத்தைப் பிறர் தலையில் கட்டி, தங்கள் கடமையிலிருந்து நழுவுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. கேரளம் 2018-இலேயே இப்படிச் சட்டம் கொண்டுவந்தது. தனியாகக் கேட்காதீர்கள், உடன் வேலை செய்யும் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து முதலாளியிடம் கேளுங்கள். அசையவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ‘என்னால் இதைக் கேட்க முடியும்’ என்ற நினைப்பு உங்களுக்கு வரட்டும்; உங்களுக்கு வேண்டிய நேர்மறைச் சிந்தனை அதுதான்.

இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் வேலை வருகிறது. (மென்பொருள் ஊழியர், கோவை)

மேலதிகாரியிடம் பகலில், அமைதியான நேரத்தில் பேசுங்கள்: ‘ஒன்பது மணிக்குப் பிறகு அவசரம் என்றால் தொலைபேசியில் அழையுங்கள், மற்றதைக் காலையில் முதல் வேலையாக முடித்துவிடுகிறேன்.’ சொன்னபடி காலையில் முடித்தும் காட்டுங்கள்.

நோயாளி வலியில் கத்தினாலும் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. கல்லாகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. (செவிலியர்)

கல்லான நெஞ்சுக்கு இந்தப் பயம் வராது, அம்மா. ஓயாத பணி அழுத்தத்தால் வரும் இந்த நிலையை பர்ன்அவுட் என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. உடல் சக்தி வடிந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இதற்கு நோட்டுப் புத்தகம் போதாது. தொடர் இரவுப் பணியை மாற்றித் தரும்படி கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், விடுப்பு எடுங்கள். தூக்கமோ பசியோ இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றினாலும் காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள்; அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் அது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.