ஹைட்ரில்லா நெட்டையாக வளர்ந்து அடியில் மொட்டையாவது ஏன்?

நண்பரே, நீருக்குள் மூழ்கி வளரும் ஹைட்ரில்லா செடி ஒன்றின் துண்டுகளை இரண்டு தொட்டிகளில் நட்டதாக எழுதியிருந்தீர்கள். மணல் தொட்டியில் வேர் நீளம், தழை குறைவு. சேற்றுத் தொட்டியில் தண்டு மெலிந்து நீண்டு, அடி இலைகள் உதிர்கின்றன. இது நோயாகத் தெரியவில்லை, பயப்படாதீர்கள்.

மணல் விஷயம் எளிது. அங்கே சத்து குறைவு, அதைத் தேடி வேரை நீட்டுகிறது.

சேற்றுத் தொட்டியில் ஒரு தண்டை எடுத்து இலை அடுக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அடியில் அகலமாகவும் நுனியில் நெருக்கமாகவும் இருக்கும். கலங்கிய நீரில் வெளிச்சம் போதாததால் செடி மேற்பரப்பை நோக்கி ஓடியிருக்கிறது. மேலே போய்ப் படர்ந்ததும் அதன் நிழலே அடி இலைகளைக் கொன்றுவிடுகிறது. ஒரு இலையை விரலால் தேய்த்தால் வண்டல் ஒட்டும், அதுவும் வெளிச்சத்தை மறைக்கும்.

அப்புறம், சேற்றை முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கே ஆக்சிஜன் இல்லை. இலையில் உருவாகும் ஆக்சிஜனைத் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாகச் செடி வேருக்கு அனுப்பும். வெளிச்சம் குறைந்தால் அதுவும் குறையும், வேர் கறுத்து அழுகும்.

சேற்றின் மேல் இரண்டு விரல் கனத்துக்குக் கழுவிய மணலைப் பரப்புங்கள், கலங்கல் அடங்கும். நுனிகளை வெட்டி மறுபடி நடுங்கள். நீரில் உரம் மட்டும் வேண்டாம், பாசி பெருகி, இருக்கிற வெளிச்சத்தையும் மறைத்துவிடும்.