பெர்லின் மவர்பார்க் ஞாயிறு சந்தை: கேள்வி பதில்

கேள்வி: ஜூன் மாதம் பெர்லின் வருகிறோம், சனி ஞாயிறு மட்டும்தான் இருப்போம். மவர்பார்க் போக எந்த நேரம் நல்லது?

பதில்: ஞாயிறு மட்டும்தான் இந்தப் பழைய பொருள் சந்தை, சனிக்கிழமை போனால் வெறும் பூங்காவைத்தான் பார்ப்பீர்கள். யூ2 மெட்ரோ ரயிலில் எபர்ஸ்வால்டர் ஸ்ட்ராசேயில் இறங்கி நடந்தால் போதும். காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். ஜெர்மனியில் ஞாயிறு அநேகமாக எல்லாக் கடையும் மூடியிருக்கும் என்பதால் மதியத்துக்கு மேல் ஊரே இங்கேதான் இருக்கும், நின்று ஒரு பொருளைப் புரட்டிப் பார்க்க இடம் கிடைக்காது. அப்புறம் ஒன்று, இங்கே புதுச் சட்டை, கைவினை நகை விற்கிற கடைகளும் நிறைய. பழைய சாமான்தான் வேண்டும் என்றால் பக்கத்திலேயே ஆர்கோனாபிளாட்ஸ், அதுவும் ஞாயிறுதான், நடந்தே போகலாம். எனக்கு அந்தச் சின்னச் சந்தைதான் அதிகம் பிடிக்கும்.

கேள்வி: கார்டு எடுப்பார்களா அண்ணா?

பதில்: நம்பிப் போகாதீர்கள். ஐந்து, பத்து யூரோ நோட்டும் சில்லறையும் கையில் இருக்கட்டும். குளிர்பானம் வாங்கினால் பாட்டிலுக்குத் தனியாக முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்து அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேரம் பேசலாமா? நம்ம ஊர் மாதிரி பாதிக்குக் கேட்டால் கோபப்படுவார்களா?

பதில்: பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் பாதி விலையில் ஆரம்பித்தால் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முதலில் ஒரு “ஹலோ”, பிறகு “வாஸ் கோஸ்டெட் தாஸ்?” என்று விலை கேளுங்கள், சொன்னதும் “கேட் டா நோஹ் வாஸ்?”, அதாவது இன்னும் கொஞ்சம் குறையுமா, அவ்வளவுதான். பத்து, இருபது சதவீதம் குறைந்தாலே நல்ல பேரம். ஒரே கடையில் இரண்டு மூன்று பொருளை எடுத்து வைத்துவிட்டு மொத்தமாக ஒரு விலை கேட்டால் இன்னும் இறங்குவார்கள், சாயங்காலம் மூட்டை கட்டும் நேரத்திலும் அப்படித்தான். விற்பவர்களில் சிலர் தொழில்முறை வியாபாரிகள், சிலர் பாட்டி வீட்டைக் காலி செய்து அந்தத் தட்டையும் விளக்கையும் கொண்டுவந்து பரப்பியவர்கள். அவர்களிடம் அந்தப் பொருள் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், விலையைத் தாண்டி நிறைய சொல்வார்கள்.

கேள்வி: பழைய ஃபிலிம் கேமரா வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கிழக்கு ஜெர்மனியில் செய்த பிராக்டிகா இங்கே அடிக்கடி கண்ணில் படும், கனமான உலோகப் பெட்டி, டிரெஸ்டனில் தயாரானது. முதலில் பின்மூடியைத் திறந்து, ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடும் திரையை, ஏற்றி, மெதுவான வேகத்திலும் வேகமான வேகத்திலும் அழுத்துங்கள். மெதுவான வேகத்தில் திரை பாதியில் நின்றால் வைத்துவிடுங்கள். அடுத்து லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, நம்ம ஊர் ஈரப்பதத்தில் இன்னும் பரவும். பேட்டரி போடும் இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கிறதா, மூடியின் ஓரக் கறுப்பு நுரை விரலில் பிசுபிசுவென ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். நுரையை மாற்றிக்கொள்ளலாம், அதற்காகக் கொஞ்சம் விலை குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: மைசன் பீங்கான் என்று ஒருவர் காட்டினார், நம்பலாமா?

பதில்: மைசன் ஜெர்மனியின் பெயர்பெற்ற பீங்கான் ஆலை. பொருளின் அடியில் குறுக்கிட்ட இரண்டு நீல வாள்கள் இருக்க வேண்டும், ஆனால் அதைப் போலி செய்தவர்களும் அதிகம். வாள்களின் மேல் கீறல் கோடு இருந்தால் ஆலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது, முழு விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெர்லின் சுவரின் துண்டு விற்கிறார்களே சார்?

பதில்: நீங்கள் நிற்கிற பூங்காவே 1989 வரை சுவரை ஒட்டிய காவல் பட்டையாக இருந்த இடம். கல் துண்டு அசலா என்று கடைக்காரராலேயே நிரூபிக்க முடியாது, அதனால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். பெர்னாவர் ஸ்ட்ராசே நினைவிடத்துக்கு நடந்து போங்கள், கட்டணம் கிடையாது, அசல் சுவர் நிற்கிறது.

கேள்வி: தம்பி இங்கே படிக்கிறான், மலிவாக சைக்கிள் வாங்கலாமா?

பதில்: அடையாள அட்டை காட்ட மறுப்பவரிடம் வேண்டாம். திருட்டு வண்டி என்றால், தெரியாமல் வாங்கியிருந்தாலும் ஜெர்மன் சட்டப்படி அது உங்களுக்குச் சொந்தமாகாது, உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும். வண்டியின் பிரேம் எண், விற்பவர் பெயர், விலை, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.